உட்கார ஒரு ஸ்டூல்: ஜவுளிக்கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஜவுளிக்கடை முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு பாத்திரக்கடை மாடியில் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். பதினாறு வருடமாக அதே அறை, அதே கட்டில். சுற்றிலும் நான்கு தெருவுக்கும் ஜவுளிக்கடைகள். அதனாலேயே இரவு பதினொன்று வரை திறந்து வைத்திருக்கிறேன். உங்கள் ஷட்டர் இறங்கிய பிறகுதான் எனக்குக் கூட்டம். படியேறும் சத்தத்திலேயே யார் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். கடையில் நிற்கிறவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறுவார்கள். இருபத்து மூன்று வயதுப் பெண்ணும் அப்படித்தான் ஏறுகிறாள்.

உள்ளே வந்ததும் வலி எங்கே என்று சொல்லமாட்டார்கள். முதலில் உட்காருவார்கள். ஒரு நிமிடம் பேச்சே இருக்காது. காலையிலிருந்து முதல் தடவையாக முழுசாக உட்காரும் ஒரு ஆளின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க உங்களில் யாருக்காவது தோன்றினால் ஒரு நாள் பத்தரைக்கு வாருங்கள். டீ சொல்கிறேன்.

உங்கள்மேல் குற்றப்பத்திரிகை வாசிக்க இதை எழுதவில்லை. உங்களில் பலர் தோளில் துணி மூட்டையோடு ஊர் ஊராகப் போய், தவணைக்கு விற்று, மேலே வந்தவர்கள். உங்கள் காலும் தேய்ந்த கால்தான். ஆனால் மூட்டை தூக்கி நடந்த காலுக்கும், ஒரே டைல்ஸ் மேல் பன்னிரண்டு மணி நேரம் அசையாமல் நின்ற காலுக்கும் வித்தியாசம் இருக்கிறது. நடந்தவனை விட நின்றவன்தான் என்னிடம் அதிகம் வருகிறான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நானும் நின்றவன்தான். கல்லூரியில் படிக்கும்போது இரண்டு தீபாவளிக்கு சீசன் ஆளாக வேலை பார்த்தேன். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். ரெடிமேட் சட்டைப் பிரிவு. முதல் நாள் உற்சாகம், இரண்டாம் நாள் இடுப்பு, மூன்றாம் நாள் குதிகால். கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் ஒரு அட்டைப்பெட்டி ஓரத்தில் சாய்ந்தேன். சூப்பர்வைசர் அண்ணன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "தம்பி, நிக்கிறதுக்குத்தான் சம்பளம். விக்கிறதெல்லாம் அப்புறம்." அந்த வாசகம் இன்னும் பல கடைகளில் எழுதாத விதியாக இருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

எழுதிய விதி வேறு. 1947ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. அந்த வருடம் செப்டம்பர் 6ஆம் தேதி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன் சட்டமன்றத்தில் அந்த மசோதாவைக் கொண்டுவந்தார். எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்காரலாம் என்பதுதான் அதன் சாரம். வேலை நேரம் முழுக்கக் காலிலேயே நிற்கும் நிலை வரக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. கேரளத்தில் இது மூன்று வருடம் முன்பே, 2018இல் வந்துவிட்டது. அங்கே அதற்குப் பின்னால் இருந்தவர் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண். முதலில் அவர்கள் கேட்டது கழிப்பறை. அப்புறம்தான் நாற்காலி. அந்த வரிசை ஏன் என்று உங்கள் கடைப் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

இங்கிலாந்தில் 1899இலேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டார்கள். கடையில் மூன்று பெண் ஊழியர் இருந்தால் ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்று. நாம் 122 வருடம் கழித்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறோம். போகட்டும், சேர்ந்தோமே.

சேர்ந்தோமா என்பதுதான் கேள்வி. சட்டம் வந்த புதிதில் பல கடைகளில் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்து இறங்கியதை நானே பார்த்தேன். போன மாதம் மனைவிக்குச் சேலை எடுக்கப் போன கடையிலும் ஸ்டூல் இருந்தது. மேல் ரேக்கில் இருந்து பெட்டி எடுக்க அந்தப் பெண் அதன்மேல் ஏறி நின்றாள். உட்காரக் கொடுத்த ஸ்டூலும் நிற்கத்தான் பயன்படுகிறது! உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். மேலே கேமராவைக் கண்ணால் காட்டிவிட்டு, "அந்த மெரூன் பார்டர் எடுக்கட்டுமாண்ணே?" என்றாள்.

சரி, காலுக்கு வருகிறேன்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். நடக்கும்போது இந்தக் கட்டுமானம் முழுவதும் வேலை செய்கிறது, எடை குதிகாலில் இருந்து விரலுக்கு உருண்டு போகிறது, ஒரு கால் தாங்கும்போது இன்னொரு கால் ஓய்வெடுக்கிறது. நிற்கும்போது இந்த முறைமாற்றம் நின்றுவிடுகிறது. ஒரே இடத்தில், ஒரே திசுவில், ஒரே எடை. அதுவும் கிரானைட்டோ டைல்ஸோ கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. மண் தரை கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். உங்கள் பளபளப்பான தரை வாங்கியதை அப்படியே குதிகாலுக்குத் திருப்பிக் கொடுக்கிறது.

என்னிடம் வரும் புகார்களில் முதலிடம் குதிகால் வலிக்குத்தான். "காலைல எந்திரிச்சு முதல் அடி வைக்க முடியலண்ணே, ஆணி அடிச்ச மாதிரி இருக்கு. பத்து அடி நடந்தா கொஞ்சம் சரியாகுது. மத்தியானத்துக்கு மேல திரும்ப ஆரம்பிக்குது." பதினாறு வருடமாக வார்த்தை மாறாமல் இதையே கேட்கிறேன். குதிகால் எலும்பில் இருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவை இழுத்துப் பிடிக்கும் வில்லின் நாண் அது. நாள் முழுக்க எடையில் இழுபட்டு, எலும்போடு சேரும் இடத்தில் அது நைந்து போகிறது. இரவில் தூங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தொங்குவதால் அந்தப் பட்டை சுருங்குகிறது. விடிந்ததும் முதல் அடியில் சட்டென்று இழுக்கிறது. டாக்டர்கள் பிளான்டர் ஃபேசியைட்டிஸ் என்பார்கள்.

இதில் எனக்கு எரிச்சல் தருவது ஒன்று உண்டு. எக்ஸ்ரேயில் குதிகாலுக்குக் கீழே ஒரு சின்ன முள் மாதிரி எலும்பு தெரியும். "எலும்பு வளர்ந்துடுச்சாம்ணே, ஆபரேஷனாம்" என்று அழுதுகொண்டே வருவார்கள். வலியே இல்லாத எத்தனையோ பேர் குதிகாலிலும் அதே முள் இருக்கும். பெரும்பாலும் அது அப்பாவி. பிரச்சினை அந்தப் பட்டையில். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் கத்தி இல்லாமல் சரியாகிவிடும். படுக்கையில் இருந்து இறங்கும் முன்பே கால் விரல்களைக் கையால் முழங்கால் பக்கம் இழுத்துப் பிடித்துப் பத்து தடவை நீட்டுவது, சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை இழுப்பது, தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து உள்ளங்காலுக்குக் கீழே உருட்டுவது, வெறும் தரையில் வெறுங்காலோடு நிற்காமல் இருப்பது. ஊசி போட்டால் சீக்கிரம் வலி குறையும், உண்மைதான். திரும்பத் திரும்பப் போட்டால் அந்தப் பட்டையே அறுந்து போகும் ஆபத்து உண்டு.

இதையெல்லாம் நான் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறேன். அவர்களும் ஒழுங்காகச் செய்கிறார்கள். மறுநாள் காலை ஒன்பதரைக்கு அதே டைல்ஸ். ஓட்டைக் குடத்தில் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம் அவர்களுக்கு இல்லாமல் உங்களுக்கு வருகிறது.

இரண்டாவது, நரம்பு சுருட்டிக்கொள்வது. ஊரில் நரம்பு என்று சொல்கிறோமே தவிர அது நரம்பு இல்லை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துப் போகும் சிரை. வெரிகோஸ் வெயின். பாதத்தில் இருந்து இதயம் வரை கிட்டத்தட்ட நான்கு அடி உயரத்துக்கு ரத்தம் மேலே ஏற வேண்டும். ஏற்றிவிடும் பம்பு கெண்டைக்கால் தசை. அது சுருங்கும்போதெல்லாம் ரத்தம் மேலே தள்ளப்படும். கீழே திரும்பி வராமல் சிரைகளுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் தடுக்கும். அசையாமல் நிற்கும்போது பம்பு ஓடுவதில்லை. அப்போது பாதத்துச் சிரைகளில் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு நிற்கிறது. அதே ஆள் கொஞ்ச தூரம் நடந்தால் அது 30க்கும் கீழே இறங்கிவிடும். நடந்தவனை விட நின்றவன் என்று முதலில் சொன்னேனே, அதன் கணக்கு இதுதான்.

வருடக்கணக்கில் இந்த அழுத்தம் இருந்தால் சிரை விரிகிறது, வால்வுகள் ஒன்றோடொன்று சேராமல் போகின்றன, ரத்தம் தேங்குகிறது. பரம்பரையும் சேர்ந்துகொள்ளும், உடல் எடையும் பிரசவமும் சேர்ந்துகொள்ளும். எல்லாப் பழியையும் கடை மேல் போடமாட்டேன். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கணுக்கால் வீங்கி, கொலுசு சதையில் பதிந்து, கால் இரும்பாகக் கனப்பது யாருக்கு என்று உங்கள் தளத்தில் ஒரு நடை நடந்து பார்த்தால் தெரியும். ஆரம்பத்திலேயே கவனித்தால் இறுக்கமான காலுறை, காலை உயர்த்தி வைத்துப் படுப்பது, நடை என்று சமாளிக்கலாம். விட்டால் கணுக்காலுக்கு மேலே தோல் காப்பிக் கலருக்கு மாறும், அரிக்கும், சொறிந்த இடம் புண்ணாகும். அந்தப் புண் ஆற மாதக்கணக்கு ஆகும். ஒரு அக்கா கணுக்காலில் துணி சுற்றி, மேலே சாக்ஸ் போட்டு மறைத்து, ஏழு மாதம் குழந்தைகள் பிரிவில் நின்றார். மேனேஜருக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்ற பயம். அந்த ஏழு மாதத்தில் மருந்து செய்யாத வேலையை ஒரு நாற்காலியும் காலை நீட்டி வைக்க ஒரு பெட்டியும் செய்திருக்கும்.

கால் ஆணி, பித்த வெடிப்பு, சேற்றுப்புண் எல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றும். சின்ன விஷயம்தான், நிற்காதவர்களுக்கு. கால் ஆணிக்கு வேரும் கிடையாது ஆணியும் கிடையாது. ஒரே இடத்தில் தொடர்ந்து அழுத்தமோ உரசலோ இருந்தால் தோல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தடிக்கிறது, அவ்வளவுதான். அழுத்தத்தை எடுக்காமல் ஆணியை எடுத்தால் திரும்ப வரும். பித்த வெடிப்புக்கும் பித்தத்துக்கும் சம்பந்தம் கிடையாது. உலர்ந்து தடித்த தோல், பின்பக்கம் திறந்த செருப்பில் எடை விழும்போது பக்கவாட்டில் விரிந்து வெடிக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கால் தேய்க்கும் கல்லால் மெதுவாகத் தேய்த்து, ராத்திரி வாஸ்லின் தடவினால் போதும். சேற்றுப்புண் பூஞ்சை, விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்தாலே பாதி போய்விடும்.

ஷூ பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை வாங்குவது நீங்கள். சீருடை கொடுக்கும் கடைகளில் கறுப்பு ஷூவும் மொத்தமாக வருகிறது. ஆறு, ஏழு, எட்டு என்று நீளம் மட்டும் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அகலத்தை யாரும் கேட்பதில்லை. நம் ஊரில் செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த பாதங்கள் முன்பக்கம் அகலமானவை. கூர்முனை ஷூவில் ஐந்து விரலும் நெரிந்து, பெருவிரல் நகம் சதைக்குள் இறங்கி, சீழ் வைத்து வருகிறார்கள். பெருவிரல் மூட்டு வெளியே புடைத்துக்கொண்டு வரும் பெண்களும் உண்டு. பாதம் சாயங்காலத்தில் கொஞ்சம் பெரிதாகும். ஷூ அளவு எடுப்பதானால் மாலை ஆறு மணிக்கு எடுங்கள், காலையில் எடுக்காதீர்கள். முன்பக்கம் அகலமாக, அடி தடிமனாக, குதிகாலில் மெத்தென்று இருந்தால் போதும். பிராண்டெல்லாம் வேண்டாம்.

சில கடைகளில் ஷூவே கிடையாது. பட்டுப் பிரிவில் வெள்ளை மெத்தை விரித்திருப்பதால் வெறுங்கால். சில இடங்களில் தளம் முழுக்கவே வெறுங்கால், லட்சுமி குடியிருக்கும் இடம் என்று. நம்பிக்கையைக் கேலி செய்ய நான் யார்? ஆனால் ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தெட்டு வருடம் ஒரே கடை, கடைசியில் ஃப்ளோர் சூப்பர்வைசர். கடை பெயரையும் சொல்லமாட்டேன், அவர் பெயரையும் சொல்லமாட்டேன். சர்க்கரை பன்னிரண்டு வருடமாக இருந்தது. கால் கொஞ்சம் மரத்த மாதிரி, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கும் என்று எப்போதாவது சொல்வார். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு ஒரு நாள் இரவு வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். உள்ளங்காலில் ஏதோ மினுங்குவதை அவர் மனைவிதான் பார்த்தார். குண்டூசி. சட்டைக்குக் குத்தி வருகிறதே, அந்த ஊசி. முழுசாக உள்ளே இறங்கி, தலை மட்டும் தெரிந்தது. எப்போது ஏறியது என்றே அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கா, முந்தின நாளா? அதோடு எத்தனை மணி நேரம் நடந்தார்? ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மஞ்சள் வைத்துக்கொண்டு மறுநாள் கடைக்குப் போனார். சீசன் ஆயிற்றே! தீபாவளி முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது கால் கறுத்திருந்தது. இரண்டு விரலை எடுத்தார்கள்.

ஜவுளிக்கடைத் தரையில் குண்டூசி கிடக்காத நாள் உண்டா? நீங்களே சொல்லுங்கள்.

சர்க்கரையில் கால் நரம்புகள் செத்துவிட்டால் வலி தெரியாது. வலி தெரியாதது வரம் என்று நினைப்போம். அது எவ்வளவு பெரிய சாபம் என்று உலகத்துக்கு விளக்கிய மருத்துவர்களில் முக்கியமானவர் ஒருவர் நம் மண்ணில் பிறந்தவர். பால் பிராண்ட், 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி.யிலும் பக்கத்தில் கரிகிரியிலும் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போனதால் காயம் தெரியாமல் அதே காலில் நடந்து நடந்துதான் பாதம் அழிகிறது என்பதை அவரும் அவரோடு இருந்தவர்களும் காட்டினார்கள். அங்கே தொழுநோயாளிகளுக்காகப் பயன்படுத்திய மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்புத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளும் போடும் எம்.சி.ஆர். செருப்பு. வேலூரில் கற்ற பாடம் அப்புறம் அமெரிக்கா வரைக்கும் போனது. விளக்குத்தூணுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். உங்கள் கடையில் இருநூறு பேர் வேலை செய்தால் அந்தக் கணக்கில் இருபத்தெட்டுப் பேர் தேறுவார்கள். அவர்களில் யார் வெறுங்காலோடு நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? ஒரு மெல்லிய நைலான் இழை இருக்கிறது. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும். கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் அதைத் தொட்டால், தெரிகிறதா இல்லையா என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். வருடத்துக்கு ஒரு தடவை கடையில் மருத்துவ முகாம் வைத்து, பேனர் கட்டி, போட்டோ எடுக்கிறீர்கள். பி.பி. பார்க்கிறார்கள், சுகர் பார்க்கிறார்கள், கண்ணாடி கொடுக்கிறார்கள். சாக்ஸைக் கழற்றச் சொல்லிக் காலை ஒருவரும் பார்ப்பதில்லை. அரசே இப்போது சர்க்கரை நோயாளிகளின் காலுக்கென்று பாதம் பாதுகாப்போம் என்று திட்டம் வைத்திருக்கிறது. உங்கள் முகாமுக்கு வரும் டாக்டரிடம் காலையும் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வெளிநாடுகளில் பாதத்துக்கென்றே தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள், பொடியாட்ரிஸ்ட் என்று. ஆணி சீவுவதில் இருந்து சர்க்கரைப் புண் வரைக்கும் அவர்கள் வேலை. நம் நாட்டில் 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசியச் சட்டத்தின் பட்டியலில் அந்தப் பெயரும் இருக்கிறது. பட்டியலில் இருக்கிறார்கள், தெருவில் இல்லை. அதனால்தான் என் மாதிரி ஆட்கள், செருப்பு தைக்கும் அண்ணன், மெடிக்கல் ஷாப்பில் ஆணிக்கு பிளாஸ்டர் கொடுக்கும் தம்பி, எல்லோரும் சேர்ந்து அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த பிளாஸ்டரில் இருக்கும் ஆசிட் சர்க்கரைக்காரர் காலில் நல்ல தோலையும் அரித்துவிடும் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

உங்கள் பக்கத்து வாதங்களும் எனக்குத் தெரியும். என்னிடம் வைத்தியத்துக்கு வரும் முதலாளிகள் இருக்கிறார்கள் (உட்கார்ந்தே இருப்பதால் வரும் இடுப்பு வலிக்கு). "வாடிக்கையாளர் வரும்போது ஆள் உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்குமா?" என்பார்கள். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தை மதுரைக்காரர்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. தையல்காரர் உட்கார்ந்திருப்பார், துணிக்காரர் உட்கார்ந்திருப்பார். பழைய ஜவுளிக்கடைகளில் ஜமக்காளம் விரித்து, வாங்க வந்தவரையும் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்துதான் துணியைப் புரட்டிப் போட்டார்கள். மரியாதைக் குறைவு என்று யாரும் எழுந்து போகவில்லை. நின்றுகொண்டே விற்கும் பழக்கம் கண்ணாடிக் கதவும் ஏசியும் வந்தபோது கூடவே வந்தது. இப்போது கடையில் நாற்காலி கல்லாவுக்கு மட்டும்.

"உட்காரவிட்டால் போனைப் பார்ப்பார்கள், தூங்கிவிடுவார்கள்" என்பது இன்னொரு வாதம். இருக்கலாம். நின்றுகொண்டே தூங்குகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அது மேற்பார்வை பற்றிய சிக்கல், அதற்குத் தண்டனையைக் கெண்டைக்காலுக்குக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க உட்காரவைப்பதும் வைத்தியம் இல்லை. பில் கவுண்டரில் உயர ஸ்டூல் போட்டு, கால் தரையைத் தொடாமல் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கும் கால் வீங்குகிறது. காலுக்கு வேண்டியது மாற்றம். கொஞ்சம் நிற்க, கொஞ்சம் உட்கார, கொஞ்சம் நடக்க. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பிரிவு மாற்றி அனுப்பினாலே கெண்டைக்கால் பம்பு ஓடத் தொடங்கிவிடும். கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு. ரத்தத்தின் அளவே கூடுகிறது, வயிறு சிரைகளை அழுத்துகிறது, மூட்டுகளைக் கட்டியிருக்கும் நார்கள் தளர்ந்து பாதத்தின் வளைவு இறங்குகிறது. அவளை நாற்காலியோடு ஒரு வேலைக்கு மாற்றிவிடுங்கள். விலை ஒட்டும் வேலை, பார்சல் வேலை, எதுவோ ஒன்று. இதற்கு அவள் வந்து கெஞ்சும்படி வைக்காதீர்கள்.

செலவு பற்றிப் பேசினால் நீங்கள் என்னைவிடக் கெட்டி. நான் கேட்பது இவ்வளவுதான். ஸ்டூல் கிடங்கில் வேண்டாம், விற்கும் இடத்தில், ரேக்குக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். மேலே ஏறுவதற்குத் தனியாக ஏணி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் நின்றே ஆக வேண்டிய டெலிவரி கவுண்டரிலும் மடிக்கிற மேசையிலும் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். மேசைக்குக் கீழே அரையடி உயரத்துக்கு ஒரு கட்டை இருந்தால், ஒரு காலை மாற்றி மாற்றி அதன்மேல் வைத்து நிற்கலாம்; தச்சருக்கு அரை நாள் வேலை. சட்டை பிரிக்கும் மேசையில் ஊசி போட ஒரு டப்பா வைத்து, நாள் முடிவில் ஒரு காந்தத்தைத் தரையில் ஓட்டச் சொல்லுங்கள். சர்க்கரை இருக்கிறவர்களை வெறுங்காலோடு நிற்கவைக்காதீர்கள். லட்சுமிக்கு அவர் கால் விரலும் வேண்டும்தானே? அப்புறம் சட்டப்படி நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் வேலை வாங்கக் கூடாது, ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் விட்டு, படியேறி இறங்கவே பத்து நிமிடம் ஆகும் கடைகள் இங்கே இருக்கின்றன.

கேமராவில் பார்த்து, உட்கார்ந்ததற்காகச் சம்பளத்தில் பிடிக்கும் பழக்கத்தை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். அதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. முதலாளி தளத்துக்கு வரும்போது யாராவது உட்கார்ந்திருந்தால், உட்காரட்டும் என்று நீங்களே கையைக் காட்டுங்கள். இதை நான் எழுதினால் ஒன்றும் நடக்காது, மேனேஜர் சொன்னால் பாதி நடக்கும். நீங்கள் கையைக் காட்டினால் அடுத்த நிமிடம் மூன்று மாடிக்கும் செய்தி போய்விடும்.

ஆடித் தள்ளுபடிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் ஏதாவது ஒரு நாள், கூட்டம் சேருவதற்கு முன் காலை பத்து மணிக்கு, நானே கடைக்கு வருகிறேன். இருபது பேர் காலைப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். இழை என் பையில் இருக்கிறது, கட்டணம் வேண்டாம். இரண்டு நாற்காலி மட்டும் போட்டு வையுங்கள். எனக்கு ஒன்று, காலைக் காட்டுகிறவருக்கு ஒன்று. நான் கிளம்பிய பிறகு அவற்றைக் கிடங்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
விளக்குத்தூண் பக்கத்து மாடியில் இருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்
மதுரை